நிச்சயமா என்று அதிபர் கேட்டார்

பாடசாலைத் தாதி வேலைக்குப் புதிதாக வருகிற நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சட்டம் பற்றித்தான். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது, யார் யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் கோப்பு இருக்கிறது. ஜெர்மனியில் கோப்பு இல்லாத ஒரு விஷயத்தை யாராவது காட்டினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கத் தயாராக இருக்கிறேன். கோப்பைப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது, கோப்பைத் திறக்க நேரமில்லாமல் போன ஒரு முற்பகலைப் பற்றி.

என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். டோர்ட்மண்டில் ஒரு வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் மயக்கம் தெளியும் அறையில் பல வருடங்கள் வேலை செய்தேன். முழங்கால்கள் இரண்டும் ஒத்துழைக்க மறுத்த பிறகு ஹம் நகரில் ஒரு பெரிய பாடசாலைக்குத் தாதியாகப் போனேன். அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். உங்களில் சிலர் இந்த வேலைக்கு வருவது இரவு முறை இல்லை என்பதற்காக. வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அதற்காகத்தான் வந்தேன்.

பாடசாலையில் நலோக்சோன் வைப்பது என்ற பேச்சு என் காலத்தில்தான் வந்தது. உங்களுக்குத் தெரிந்த மருந்துதான். அபின் வகை மருந்தோ போதைப்பொருளோ உடம்பில் கூடிப்போய் மூச்சு அடங்கும்போது, மூக்குக்குள் ஒருமுறை அடித்தால் மூச்சைத் திரும்பக் கொண்டுவருவது. நகரத்து மருத்துவர் ஒருவர் தம் பொறுப்பில் ஒரு பெட்டி தர முன்வந்தார். அதில் இரண்டு குப்பிகள் இருந்தன. அந்தச் சின்னப் பெட்டி கிளப்பிய புழுதி கொஞ்சமல்ல.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இதை வைத்தால் எங்கள் பாடசாலையில் போதைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நாங்களே பறைசாற்றுவது போலாகும் என்றார்கள். ஜெர்மன் பெற்றோர் கைதூக்கி முறையாகச் சொன்னதை நம் ஆட்கள் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னார்கள். "அக்கா, எங்கட பிள்ளையள் படிக்கிற இடத்தில உது என்னத்துக்கு? உதுகளைக் கண்டால்தான் பிள்ளையளுக்கே யோசினை வரும்." சுவரில் தீயணைப்புக் கருவி தொங்குகிறதே, அதைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது நெருப்பு வைத்ததா என்று கேட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதிபர் நல்ல மனிதர், ஆனால் பத்திரிகைக்காரருக்குப் பயந்தவர். பெட்டியைத் தம் அறை அலுமாரியில் பூட்டி வைக்கலாம் என்றார். நீங்கள் பாதி நாள் கூட்டங்களில் இருப்பீர்கள், மூச்சு உங்களிடம் டெர்மின் கேட்டு, நேரம் குறித்துக்கொண்டு நிற்காது என்றேன். முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார். பெட்டி நோயறையிலே, பூட்டில்லாத இழுப்பறைக்கு வந்தது.

பயிற்சி தர வந்தவள் டோர்ட்மண்டில் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களோடு தெருவில் வேலை செய்யும் ஒரு பெண். என் மகளைவிட இளையவள். மூக்கிலும் புருவத்திலும் வளையம், கழுத்து முழுக்கப் பச்சைகுத்தல். இத்தனை வருடம் மயக்க மருந்தோடு மல்லுக்கட்டிய எனக்கு இவள் என்ன சொல்லித்தரப் போகிறாள் என்ற எண்ணத்தோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் ஒன்று மனதில் தங்கிவிட்டது. "நீங்கள் நினைத்தது பிழையாக இருந்தால் இந்த மருந்து ஒன்றும் செய்யாது. சரியாக இருந்தும் நீங்கள் காத்திருந்தால் ஆள் போய்விடுவார். ஆகவே கண்டுபிடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்." வைத்தியசாலையில் எங்களுக்குப் பழக்கிவிட்டது இதற்கு நேர் எதிர். அங்கே முதலில் கண்டுபிடிப்பு, பிறகுதான் மருந்து.

இனி அந்த முற்பகலுக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தாயிடமும் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக்குக் கணிதப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தர்சிகா என்ற நம் பிள்ளை ஒருத்தி பாதியில் எழுந்து வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, கணிதத்தில் முதல் வரிசை. மாதவிடாய் நோ, வயிற்றைப் பிரட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றாள். நான் அந்த நேரம் விளையாட்டு மண்டபத்தில் ஒரு பையனின் சுளுக்கிய விரலோடு இருந்தேன். அலுவலகச் செயலாளர்தான் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார். அவர் கைராசிக்காரப் பெண்மணி. எந்தப் பிள்ளை என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும் அவரிடம் இரண்டு வைத்தியம்தான்: கமோமில் தேநீர், சுடுநீர்ப் பை. இந்த நாடே அந்த இரண்டில்தான் வளர்ந்தது. தர்சிகா நாரி, இடுப்பின் பின்பக்கம், நோகிறது என்றதும், சுடுநீர்ப் பையை நாரிக்குக் கீழே வைத்து, போர்வையால் நன்றாகப் போர்த்திவிட்டிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் வைத்து, "இப்போதுதான் தூங்கினாள், பாவம், சத்தம் போடாதீர்கள்" என்றார்.

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. மயக்கம் தெளியும் அறையில் வேலை செய்தவளுக்கு அந்தக் குறட்டை தெரியும். அது நித்திரைக் குறட்டை இல்லை. ஒரு இழுப்பு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொரு இழுப்பு. உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், நெஞ்செலும்பில் கைமுட்டியால் தேய்த்தேன், கண் திறக்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவு, அபின் வகை மருந்து செய்வது போல.

செயலாளரை அவசர எண் நூற்றுப்பன்னிரண்டுக்கு அழைக்கச் சொன்னேன். முகத்தில் சுவாச மூடி வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்கினேன். அதற்குள் அதிபர் வந்துவிட்டார். நான் இழுப்பறையைக் காட்டி அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"இந்தப் பிள்ளைக்கா?" என்றார். "இவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவள். இதைப் பயன்படுத்தினோம் என்றால் அது பதிவாகும். பிறகு அவள் பெயர் என்ன ஆகும்? நிச்சயமாகத் தெரியுமா உங்களுக்கு?"

அவரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. நம் பிள்ளை, கோயிலில் கோலாட்டம் ஆடுகிற பிள்ளை, ஆசிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பிள்ளை. அவளையும் அந்தப் பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க மனம் மறுத்தது. விரதம் இருந்திருப்பாளோ, சீனி குறைந்திருக்குமோ, வலிப்பாக இருக்குமோ என்று மனம் வேறு வேறு வாசலாகத் தட்டிப் பார்த்தது. அப்படித் தட்டுவதற்கு அவளுடைய மூச்சில் இடமில்லை.

"நிச்சயமாகத் தெரியாது. எடுங்கள்" என்றேன்.

அவர் எடுத்தார். குப்பியை என் கையில் வைத்தார். மூக்கில் அடித்தேன். மூச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தானாக ஒரு பெரிய மூச்சு இழுத்தாள், இன்னொன்று இழுத்தாள், கண்ணைத் திறந்தாள், வாந்தியெடுத்தாள், அழத் தொடங்கினாள். நானும் அழுதிருப்பேன், நேரமில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் எல்லாரும் கையை உதறிவிட்டு நிம்மதியாகிறார்கள். செயலாளர் கதிரையில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டார். அதிபர் அவளுடைய புத்தகப் பையைத் திறந்து தேடத் தொடங்கினார். மாத்திரை, பொட்டலம் ஏதாவது அகப்பட்டால் அம்புலன்ஸ்காரரிடம் கொடுக்கலாம் என்று நினைத்தார். கணிப்பான், அடிமட்டம், பாதி கடித்த பாண் துண்டு, இவ்வளவுதான் இருந்தன.

"தர்சிகா, என்ன எடுத்தனீ? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றேன்.

"ஒண்டும் எடுக்கேல்லை அன்ரி. உண்மையா ஒண்டும் எடுக்கேல்லை."

சொல்லும்போதே கண் மறுபடி சொருகியது. நலோக்சோன் கடன் வாங்கிய நேரம் மாதிரி. உள்ளே இருக்கிற மருந்து அதைவிட நீண்ட காலம் நிற்கக்கூடியதென்றால், இது முடிந்ததும் அது மறுபடி ஆளை அமுக்கும். ஆனால் இவ்வளவு சீக்கிரமாக ஏன் அமுக்குகிறது? உள்ளே எங்கிருந்தோ இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

தாய் சாந்தினி ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்க விடமாட்டார்கள். அதிபர் மேற்பார்வையாளரோடு சத்தம் போட்டு அவளை இயந்திரத்திலிருந்து கூட்டிவரச் செய்து, தொலைபேசியை என் காதில் பிடித்தார்.

"சாந்தினி, பிள்ளை மூச்சுவிடக் கஷ்டப்படுறாள். என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"ஐயோ! நான் ஒண்டும் குடுக்கேல்லை அக்கா. சத்தியமாக் குடுக்கேல்லை. அவள் மாத்திரையே போடமாட்டாள்."

பொய் சொல்லும் குரல் அல்ல அது. மகள் சொன்னதும் பொய் இல்லை, தாய் சொல்வதும் பொய் இல்லை, பிள்ளையோ என் கைக்குள் மூச்சை இழந்துகொண்டிருக்கிறாள். மருந்து என்ற சொல்லை விட்டுவிட்டேன். மாத்திரை, பாணி, ஊசி இவைதானே நம் ஆட்களுக்கு மருந்து.

"சரி, நேற்று அவளுக்கு வயித்துக்குத்து வந்தது, என்ன? அப்ப என்ன செய்தனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

"இஞ்சித் தேத்தண்ணி வைச்சுக் குடுத்தன். எண்ணெய் தேய்ச்சுவிட்டன். பிறகும் நாரி நோகுது, நாளைக்குச் சோதினை எண்டு அழுதாள். அப்பான்ர பிளாஸ்டரில ஒண்டு ஒட்டிவிட்டன். அவருக்கு அதை ஒட்டினால் நோ உடன பறந்திடும் அக்கா. பிளாஸ்டர்தானே."

சாந்தினியின் அப்பாவுக்கு எலும்பில் புற்றுநோய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தர்சிகாவைப் புரட்டிச் சட்டையைத் தூக்கினேன். நாரியில், தோலோடு தோலாகத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு சின்னக் கண்ணாடி நிறப் பிளாஸ்டர். அது பட்டுக்கிடந்த இடத்தில் சுடுநீர்ப் பை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஃபென்டனில் பிளாஸ்டரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மோர்பீனைவிடப் பல மடங்கு பலமானது, தோல் வழியாக நாட்கணக்கில் மெதுவாக இறங்குவது, சூடு பட்டால் மெதுவாக இறங்காது. தாய் அன்போடு ஒட்டியதும் செயலாளர் அன்போடு வைத்ததும் அந்தப் பிள்ளையின் நாரியில் வந்து சேர்ந்திருந்தன. அவளைக் கொல்ல நினைத்த ஒருவர்கூட இதைவிடத் திறமாகச் செய்திருக்க முடியாது.

கையுறை போட்டு உரித்தேன். தண்ணீரால் துடைத்தேன். இரண்டாவது குப்பியை அடித்தேன். அம்புலன்ஸ் வந்தபோது அவள் கண் திறந்து, பரீட்சையைத் திரும்ப எழுத விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உயிர் பிழைத்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

மறுநாள் பாடசாலை முழுக்க, அடுத்த நாள் ஹம்மில் தமிழ்க் கடை முழுக்க, அந்த வார இறுதியில் பீலெஃபெல்ட் நகரம் வரைக்கும் ஒரே கதை: தர்சிகா போதைமருந்து அடித்து விழுந்தாளாம், தாதி அந்த மூக்கு மருந்தை அடித்தாளாம். மருந்தைப் பயன்படுத்தியது உண்மை. அதனால் மற்றதும் உண்மையாகிவிட்டது. எனக்கும் தொலைபேசிகள் வந்தன. "உண்மையோ அக்கா? அறியத்தான் கேக்கிறன்." என் வாய் சட்டத்தால் பூட்டப்பட்ட வாய். இல்லை என்று சொன்னாலும் நோயாளியின் விஷயத்தைச் சொன்னதாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். நான் மௌனமாக இருந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது.

தர்சிகா பாடசாலைக்கு வரவில்லை. சாந்தினிதான் ஒருநாள் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, சுடுநீர்ப் பை இருந்த அந்தக் கட்டிலைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"அவள் என்னோட கதைக்கிறாளில்லை அக்கா. எல்லாரும் தன்னைப் போதைக்காரி எண்டு நினைக்கினம், அம்மாவும் அப்பாவும் வாயைத் திறக்கிறியளில்லை எண்டு கத்துறாள். இவர் சொல்லுறார், பேசாமல் இரு, ரெண்டு மாசத்தில சனம் மறந்திடும் எண்டு. நான் ஒட்டினது எண்டு சொன்னால் யூகண்ட்அம்ட் வந்து பிள்ளையளைக் கொண்டுபோயிடுமோ?"

யூகண்ட்அம்ட் என்றால் நம் வீடுகளில் பேய்க்கும் மேல். பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அலுவலகம், ஆனால் நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது. கொண்டுபோக மாட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவளை ஆறுதல்படுத்த அதுதான் எளிய வழி. ஆனால் நான் அந்த அலுவலகம் இல்லை. என் கையில் இல்லாததை நான் கொடுக்கக்கூடாது.

"வந்து கதைப்பினம் எண்டு நினைக்கிறன். என்ன நடந்தது எண்டு கேப்பினம். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டதை நான் பார்த்தனான், கேட்டால் அதைச் சொல்லுவன். அதுக்கு மேல என்னால உறுதி தர ஏலாது."

"அப்ப சனத்துக்கு நீங்கள் சொல்லுங்கோவன் அக்கா. நீங்கள் சொன்னால் நம்புவினம்."

"எனக்குச் சொல்ல ஏலாது, சாந்தினி. உங்களுக்கு ஏலும்."

அவள் அழவில்லை. என்னை வெறுத்தாள், அது கண்ணில் தெரிந்தது. எழுந்து போய்விட்டாள். நான் சரியாகத்தான் சொன்னேனா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து அவர்கள் வீட்டில் தேநீர் குடித்து, நடந்ததைக் கேட்டுப் போனாள் என்பது பிறகு தெரியவந்தது. பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள்.

அதிபர் பெற்றோர் கூட்டம் கூட்டினார். மண்டபம் நிறைந்து, பின்னால் நின்றுகொண்டும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் நாய்களை வைத்து மாணவர்களின் பைகளைச் சோதிக்க வேண்டும் என்றார். இன்னொருவர், அந்தப் பெண்ணைப் பாடசாலையிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அதிபர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

சாந்தினி மூன்றாம் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் தர்சிகா, தலையைக் குனிந்துகொண்டு. தாயின் பத்திரங்கள், டெர்மின்கள், அரச கடிதங்கள் எல்லாவற்றுக்கும் பத்து வயதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் அவள்தான். சாந்தினி எழுந்ததும், பழக்கத்தில் தர்சிகாவும் எழப்போனாள். தாய் அவள் தோளில் கை வைத்து இருத்திவிட்டாள்.

சாந்தினியின் ஜெர்மன் தொழிற்சாலையில் கற்ற ஜெர்மன். வினைச்சொல் ஒரு பக்கம், வேற்றுமை இன்னொரு பக்கம். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"என் அப்பா புற்றுநோய். டாக்டர் பிளாஸ்டர் கொடுத்தது. என் மகள் வயிறு வலி. நான் பிளாஸ்டர் எடுத்தது. நான் ஒட்டியது. நான் மருந்து என்று நினைக்கவில்லை. என் மகள் ஒன்றும் எடுக்கவில்லை. நான்."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு மறுபடி எழுந்து, "நான்" என்று நெஞ்சில் கை வைத்து இன்னொரு தடவை சொன்னாள். தர்சிகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாய்களைக் கொண்டுவரச் சொன்னவர் தம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஜெர்மன்காரர், இளவயதுத் தகப்பன், கைதூக்காமலே கேட்டார். "மன்னிக்கவும். பாவித்து முடிந்து கழற்றிய பிளாஸ்டரில் ஒன்றும் மிஞ்சியிருக்காதுதானே? என் அம்மா எங்களோடு இருக்கிறார். கழற்றியதைக் குளியலறைக் குப்பைக்கூடையில்தான் போடுகிறார். வீட்டில் சின்னவன் இப்போதுதான் நடை பழகுகிறான், எதைக் கண்டாலும் வாயில்..."

இருக்கும் என்றேன். கழற்றியதிலும் இருக்கும்.

அவர் கதிரையில் தொங்கிய மேற்சட்டையை எடுக்கவில்லை. மண்டபக் கதவு அவர் பின்னால் திறந்தபடியே கிடந்தது. படிகளில் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் வீடு போய்ச் சேர்ந்து, சின்னவன் சுகமாக இருக்கிறான் என்று தொலைபேசி எடுக்கும் வரை கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை.